முட்டைக் குடோனில் இருபது வாத்தியம்

எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் பஜனை பாடும் பையன்கள் போன கார்த்திகையில் என்னிடம் ஒரு செல்போனை நீட்டினார்கள். அதில் ஏதோ ஒரு வெளிநாட்டில் கறுப்புக் கோட்டு போட்ட அறுபது பேர் பிடில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாம் பாட்டை எழுதி அனுப்பினால் அவர்கள் வாசித்துத் திருப்பி அனுப்புவார்களாம். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து அந்த நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் செலவும் குறையுமாம், நம் பக்கம் கறிக்குக் கூறு போடுகிற மாதிரி.

"ஏனுங்க, இத்தனை வருசம் ரெக்கார்டிங்ல இருந்தீங்களே. சொந்தப் பாட்டை நெசமான வாத்தியக்காரங்களை வெச்சுக் கம்மியாப் பதியறதுக்கு நம்மூர்ல வழியே இல்லீங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

இருக்கிறது, புரட்டாசி வரட்டும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. பிழை இருந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், முருகன் எப்படியும் பொறுத்துக்கொள்வான்.

எனக்குச் சொந்த ஊர் ராசிபுரம். சின்ன வயதில் மைக் செட் கடையில் இருந்தேன். தென்னை மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவதும், விடிவதற்கு முன்னால் ஊரை எழுப்புவதும்தான் வேலை. பிறகு நாமக்கல்லில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த ரெக்கார்டிங் தியேட்டரில் சேர்ந்தேன். தியேட்டர் என்று பெயர்தான் பெரிது. மூன்று பேர் உட்கார்ந்து ஒருவர் நின்றால் ரூம் நிறைந்துவிடும். சுவர் முழுக்கக் காகித முட்டை அட்டை ஒட்டியிருக்கும். நாமக்கல்லில் அதற்கு என்ன பஞ்சம்.

முதலாளி பெயர் ஏகாம்பரம். எல்லோருக்கும் அண்ணன். கழுத்தில் ஹெட்போன் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. கல்யாண வீட்டுக்குக்கூட அதோடு வந்தார் என்று சொல்வார்கள், நான் பார்க்கவில்லை. பேச்சு மிகக் குறைவு. ஒரு டேக் நன்றாக வந்தால் "ம்" என்பார். நன்றாக இல்லை என்றால் "பாக்கலாம்" என்பார். "நல்லாருக்கு" என்ற சொல்லை இட்லிக்கு மட்டும் வைத்திருந்தார். வெளியூர்ப் பாடகர்கள் "பாக்கலாம்" என்றதும் சந்தோஷப்பட்டுக் கிளம்பிவிடுவார்கள். படி வரை ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை.

முதல் வருடம் மெசினைத் தொட விடவில்லை. கண்ணை மூடி உட்காரச் சொல்லி, "என்ன கேக்குது?" என்பார். ஃபேன் என்பேன். "அப்பறம்?" கீழே கடையில் ஸ்பானர் விழுகிறது என்பேன். "அப்பறம்?" ஒன்றுமில்லையே என்றால், "உன்ற இடுப்புல தாயத்து ஆடுது" என்பார். கழற்றச் சொன்னார். அது பழநியில் கட்டியது, கழற்ற மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசை டிராயரிலிருந்து பஞ்சு எடுத்துக் கொடுத்தார். தாயத்தைப் பஞ்சில் சுற்றிக்கொண்டுதான் ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தேன்.

இன்னொரு விஷயத்தில் மட்டும் அவர் என்னைத் திருத்த முடியவில்லை. மெசினுக்குத் திருநீறு வைத்து, பொத்தானை அமுக்கும்போது வாய்விட்டு "முருகா" என்று சொல்வது என் பழக்கம். அதுவும் பதிவாகிவிடும்.

"மனசுக்குள்ள கூப்புடு. அவனுக்கு மைக் எதுக்கு?" என்பார் அண்ணன். சரிங்க என்பேன். அடுத்த டேக்கிலும் வந்துவிடும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவர் செய்யும் முதல் வேலை என்னுடைய முருகாவை வெட்டுவதுதான்.

எங்களிடம் வந்ததெல்லாம் பெரும்பாலும் கோயில் பாட்டுகள். ஒரு கீபோர்டுக்காரர் வருவார். பிடிலும் அவர்தான், நாயனமும் அவர்தான், தவிலும் அவர்தான். பொழுதோடு வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விடுவோம். அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பொன்னுசாமி படியேறி வந்தார்.

பொன்னுசாமிக்கு மோகனூர்ப் பக்கம். ரிக் வண்டி டிரைவர். போர் போடுகிற அந்த வண்டியை எடுத்துக்கொண்டு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் போய்விடுவார். கூடவே மனைவி மல்லிகாவும், ஆறேழு வயதில் ஒரு பெண் குழந்தையும் வந்திருந்தார்கள். குழந்தை வாசலில் கால் வைத்ததிலிருந்து பேசிக்கொண்டே இருந்தது. சுவரில் ஏன் முட்டை அட்டை, இதில் முட்டை எங்கே, இந்த மாமா ஏன் காதில் டப்பா மாட்டியிருக்கிறார், அவருக்குக் காது வலியா.

"அம்மனுக்கு ஒரு பாட்டு பண்ணோணுமுங்க. பாட்டு நானே கட்டி வெச்சிருக்கேன். லைவ் ஆர்கெஸ்ட்ராவோட வேணும்" என்றார் பொன்னுசாமி.

ஆர்கெஸ்ட்ரா என்றால் எங்கள் பக்கம் நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, மேடை போட்டு சினிமாப் பாட்டுப் பாடுகிற குழு. "அதுக்கு மேடை புக் பண்ணோணும், இங்க எதுக்கு வந்தீங்க?" என்றேன் நான்.

"இல்லீங்க. இருபது வாத்தியம். மூச்சு விடற மனுசங்க வாசிக்கோணும். மெசின் கூடாது."

அண்ணன் கீபோர்டைக் காட்டினார். "இதுக்குள்ள நாப்பது பிடில் இருக்குது. அம்மனுக்குத் தெரியவா போகுது?"

"அவளுக்குத்தானுங்க தெரியும். உங்களுக்கும் எனக்கும் என்ன தெரியும்?"

பிறகு விஷயத்தைச் சொன்னார். குழந்தைக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்தார்கள். ஐந்து வயது வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. காது கேட்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது, பேச்சு மட்டும் இல்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் குலதெய்வமான அம்மன் முன்னால் நின்று, 'எம் புள்ள வாய் தெறந்தா உனக்கு இருபது வாத்தியத்தோட ஒரு பாட்டு, அவளை ஒருநாளும் பேசாதேன்னு சொல்ல மாட்டேன்' என்று வேண்டிக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு நாள் வண்டியில் இருக்கும்போது வீட்டிலிருந்து போன் வந்தது. அந்தப் பக்கம் மல்லிகா இல்லை. "அப்பா, எங்க இருக்கற?" என்று ஒரு குரல்.

"அன்னைலிருந்து நிறுத்தலீங்க. தூக்கத்துலயும் பேசறா" என்றார் மல்லிகா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கண் மட்டும் கலங்கியிருந்தது. வண்டி மறுபடி கிளம்புவதற்குள் பாட்டு முடிய வேண்டும். கிளம்பினால் திரும்ப ஆறு மாதமோ எட்டு மாதமோ ஆகும். வேண்டுதலைத் தள்ளிப்போட்டால் குழந்தையின் பேச்சுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்ய என்னால் முடியாது. நானும் பிள்ளை பெற்றவன்.

அண்ணன் குழந்தையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இப்ப என்ன மாசம்?" என்றார்.

"புரட்டாசிங்க."

"ம்."

வழி இப்படித்தான் ஆரம்பித்தது. புரட்டாசியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பேண்டு செட்டு, நாயனம், தவில் எல்லாம் சும்மா வீட்டில் இருக்கும். சும்மா இருக்கிற வாத்தியக்காரருக்குக் கூலியைவிடக் கை அரிப்புதான் பெரிது. பஸ் செலவும் இலை போட்டுச் சாப்பாடும் கொடுத்தால் வருகிறோம் என்றார்கள். சேலத்திலிருந்து ஒரு பிடில் வாத்தியார், இரண்டு மாணவிகளோடு வருவதாகச் சொன்னார். பம்பை, உடுக்கை, பஜனை ஆர்மோனியம், தபேலா, புல்லாங்குழல் என்று சேர்த்துச் சேர்த்து இருபது ஆக்கினோம்.

பொன்னுசாமிக்கு ராகம் தாளம் எழுதத் தெரியாது. ரிக் ஓடும்போது பாடிய பாட்டைப் போனில் பதிந்து எல்லோருக்கும் அனுப்பினார். பின்னால் கம்ப்ரசர் 'டக டக' என்று இடித்துக்கொண்டிருக்கும். தவில்காரர் அதையும் பாட்டில் ஒரு பங்கு என்று நினைத்து உட்கார்ந்து பாடம் பண்ணிவிட்டார். வந்து வாசித்துக் காட்டினார். பாறையில் துளை போடுகிற அதே நடை. மாற்றச் சொல்லலாமா என்று அண்ணனைப் பார்த்தேன். "ம்" என்றுவிட்டார்.

இடம்தான் கிடைக்கவில்லை. சும்மா கிடந்த ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய் அண்ணன் நடுவில் நின்று கையை ஒரு தட்டுத் தட்டினார். மண்டபம் மூன்று தட்டு திருப்பித் தட்டியது. வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டார். அப்போது பொன்னுசாமி தன் பங்காளி ஒருவர் முட்டை மொத்த வியாபாரம் செய்வதாகச் சொன்னார். போனில், "லைவ் ரெக்கார்டிங்குக்கு இடம் வேணும்" என்று கேட்டதற்கு அந்தப் பங்காளி, "லைவா? உயிர்க்கோழி எல்லாம் நான் பண்றதில்ல, முட்டை மட்டுந்தான்" என்றார். விளங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

புரட்டாசியில் நம் ஜனம் முட்டை தொடாது. அதனால் குடோன் நிரம்பிக் கிடந்தது. மூன்று பக்கமும் முட்டை அட்டை கூரை வரைக்கும், முட்டையோடு. அண்ணன் நடுவில் நின்று தட்டினார். அந்தத் தட்டு அங்கேயே விழுந்து செத்துவிட்டது. ஒரு திருப்பலும் இல்லை. அண்ணன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. வெறும் அட்டையைவிட முட்டையுள்ள அட்டை இன்னும் நன்றாகச் சத்தத்தைக் குடிக்கிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

"ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. பொழுதோட கேரளா லோடு வந்துரும். வந்தா ஏத்தித்தான் ஆகோணும்" என்றார் பங்காளி. அதாவது, சாயங்காலம் எங்கள் சுவர் லாரியில் ஏறிப் பாலக்காடு போய்விடும்.

விரதத்தில் இருந்த நான் முட்டைக்கு நடுவில் மெசினை வைத்துத் திருநீறு பூசினேன். எங்களிடம் நாலு மைக்தான். இரண்டைச் சேர்த்து நடுவில் உயரமாகக் கட்டினோம். ஒன்று பொன்னுசாமிக்கு, ஒன்று பிடிலுக்கு. மற்றவர்களுக்கு இடம்தான் கணக்கு. சத்தம் கூட வேண்டுமானால் பொத்தானைத் திருகுவதில்லை, ஆளை முன்னால் நகர்த்துவது. குறைய வேண்டுமானால் பின்னால் தள்ளுவது. பிடில்காரர்கள் மைக்குக்குக் கீழே, ஆர்மோனியம் அதற்குப் பின்னால், பம்பை முட்டை அடுக்குக்கு மறைவில். ட்ரம்பெட்காரர்களைத் தள்ளித் தள்ளி ஷட்டருக்கு வெளியே வெயிலில் நிறுத்தினோம். உள்ளே நடப்பது அவர்களுக்குத் தெரியாது. அண்ணன் துண்டை வீசினால் ஊதுவது, இறக்கினால் நிறுத்துவது. நாயனத்துக்கு ஒரே கட்டைதான், ஏற்ற இறக்க முடியாது. அதனால் எல்லோரும் அதற்குத்தான் சுருதி சேர்த்தார்கள். பேண்டு செட்டுக் குழல்கள் அதோடு ஒட்டவில்லை என்பதால் நாயனம் ஊதும்போது பேண்டு பேசாது, பேண்டு ஊதும்போது நாயனம் பேசாது.

அப்போதுதான் மல்லிகா ஒரு கிடாயை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கழுத்தில் வெண்கல மணி. அம்மனுக்கு நேர்ந்துவிட்டது.

"ஆடு எதுக்கு?" என்றார் அண்ணன்.

அவர்கள் கோயிலில் எது செய்தாலும் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உத்தரவு கேட்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பி உதறினால் அதற்குப் பெயர் துளுக்கு. அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். உதறாவிட்டால் சம்மதம் இல்லை.

"டேக் ஓகேன்னு நான் சொல்லோணுமா, ஆடு சொல்லோணுமா?"

"நீங்க சொன்னா எனக்குப் போதுமுங்க. அது சொன்னாத்தான் அவளுக்குப் போதும்" என்றார் பொன்னுசாமி.

ஆட்டையும் ஷட்டர் ஓரம் கட்டினோம். எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். கிளாரினெட்காரர் வழியில் மச்சான் வீட்டில் சாப்பிட இறங்கியவர் அங்கேயே படுத்துவிட்டார். பங்காளி தான் ஜால்ரா தட்டுவதாக வந்து தட்டினார். அண்ணன் "பாக்கலாம்" என்றார். "அப்பன்னா லாரி ஹாரன் அடிக்கட்டுங்களா?" என்றார் பங்காளி.

"ஆரம்பிங்க சாமி. இருபதாவது ஆளை அவ அனுப்புவா" என்றார் பொன்னுசாமி.

முருகா என்று பொத்தானை அமுக்கினேன். பாட்டு நன்றாக எழும்பியது. முதல் அடி முடிவதற்குள், "அப்பா, அந்த மாமா ஏன் கன்னத்துல லட்டு வெச்சிருக்காரு?" என்று தேன்மொழி கேட்டாள், நாயனக்காரரைக் காட்டி. நாயனக்காரருக்குச் சிரிப்பு வந்து சீவாளி வாயிலிருந்து நழுவியது. இரண்டாவது தடவை, "தவுல் அடிச்சா முட்டைக்குள்ள தூங்கற கோழிக்குஞ்சு எந்திரிச்சிருமா?" என்றாள். பங்காளி எழுந்து முட்டையைப் பார்க்கப் போய்விட்டார்.

சேலத்துப் பிடில் வாத்தியார் வில்லைக் கீழே வைத்தார். "பாப்பா, கொஞ்சம் பேசாம இரும்மா."

பொன்னுசாமி இரண்டு கையையும் கூப்பினார். "ஐயா, அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரும் சொல்லாதீங்க." காரணத்தையும் சொன்னார். வாத்தியார் எழுந்து குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டு, "நீ பேசு கண்ணு" என்று போய் உட்கார்ந்தார்.

சரி, பேசாதே என்று சொல்லக் கூடாது, ஆனால் பேசக் கூடாது. அண்ணன் ஒரு காரியம் செய்தார். யாருக்கும் தராத தன் ஹெட்போனைக் கழற்றிக் குழந்தையின் காதில் மாட்டினார். மூன்றாவது டேக். தேன்மொழி கண்ணை அகல விரித்துக் கேட்டாள். ஒரு சத்தம் இல்லை. பிடில் இழைகிறது, வெளியே ட்ரம்பெட் வெயிலில் சரியாக ஊதுகிறது, பொன்னுசாமி இரண்டாவது சரணத்துக்கு வந்துவிட்டார். எங்கள் ஆயுளில் அப்படி ஒரு டேக் வந்ததில்லை. அந்த நேரம் பார்த்து அவர் கண் மகள் மேல் விழுந்தது. வாய் மூடி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பாட்டு நின்றது. மனுசன் மைக்கைத் தள்ளிவிட்டு ஓடினார். "சாமி, கண்ணு, என்ன ஆச்சு? அப்பான்னு சொல்லு. ஒரே ஒருக்கா சொல்லு."

குழந்தை ஹெட்போனைத் தூக்கியது. "கேட்டுட்டு இருந்தேன்ப்பா. நீ ஏன் நிறுத்துன?"

பொன்னுசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். மல்லிகா வந்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். ஆட்டுக்கு ஊற்ற வைத்திருந்த மஞ்சள் தண்ணீர் அது. குடித்துவிட்டார். குழந்தை பேசினால் டேக் போச்சு. பேசாவிட்டால் பாடுகிறவர் போச்சு. இதற்கு எந்த மெசினிலும் பொத்தான் இல்லை.

அந்தச் சமயத்தில் கேரளா லோடு வந்துவிட்டது. லோடுமேன்கள் மேற்குச் சுவரைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். அட்டை அட்டையாகத் தலையில் தூக்கிப் போனார்கள். அண்ணன் ஒரு தட்டுத் தட்டினார். மேற்கிலிருந்து லேசாகப் பதில் தட்டு வந்தது. எல்லோரையும் கிழக்கு மூலைக்கு நகர்த்தினார். தெற்குச் சுவர் குறைந்தது, இன்னும் நெருக்கினார். பம்பைக்காரர் மடியில் கிட்டத்தட்ட ஆர்மோனியக்காரர். பிடில் வில் ஒரு இஞ்ச் பின்னால் போனால் முட்டை.

அண்ணன் என் பக்கம் வந்தார். "அவ பேசட்டும். ஆட்டுக்கிட்டப் போயி பேசட்டும். அவங்கப்பனுக்குக் குரல் கேட்டாப் போதும், மைக்குக்குக் கேக்க வேண்டாம்." பிறகு குழந்தையிடம் குனிந்து, "சாமி, அந்தக் கிடாய்க்கு ரொம்பப் பயமா இருக்குதாம். போயி ஏதாச்சும் சொல்லு" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

தேன்மொழி போனாள். மல்லிகா சொம்பில் மிச்சம் இருந்த தண்ணீரை ஆட்டின் முதுகில் ஊற்றினார். கிடாய் சிலை மாதிரி நின்று எதையோ மென்றது. லோடுமேன்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டோம். தலையில் அட்டையோடு அப்படியே நின்றார்கள்.

முருகா.

தூரத்தில் குழந்தை கிசுகிசுவென்று ஆட்டுக்கு என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பொன்னுசாமி பாடினார். தவில் போர் வண்டி மாதிரி இடித்தது. முதல் சரணம், இரண்டாவது, மூன்றாவது. கடைசியில் பிடில் மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டே போய் அடங்கியது.

பாட்டு முடிந்தாலும் அண்ணன் தூக்கிய கையை இறக்க மாட்டார். கடைசி ஒலி காற்றில் கரையும் வரை யாரும் மூச்சு விடக் கூடாது, அது அவர் சட்டம். எல்லோரும் கல்லாக இருந்தோம்.

அந்த அமைதியில் கிடாய் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறியது. கழுத்து மணி கலகலவென்று அடித்தது, பாட்டுக்கு முத்தாய்ப்பு வைத்த மாதிரி. கூடவே குரல்: "அப்பா, ஆடு துளுக்கிருச்சு."

அண்ணன் கை இன்னும் மேலேயேதான் இருந்தது. ஒரு லோடுமேன் அட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் கும்பிடக் கையைத் தூக்கினேன். முழங்கை பட்டு ஒரு முட்டை விழுந்து உடைந்தது. நாள் முழுக்க உடைந்தது அது ஒன்றுதான்.

பொன்னுசாமி ஆட்டின் கழுத்து மணியைப் பார்த்தார். "இருபதுங்க" என்றார்.

அண்ணன் கையை இறக்கினார். "ம்."

வண்டி மறுநாள் மத்தியானம் கிளம்புகிறது. காலையிலேயே நானும் அண்ணனும் மாடியில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டோம். மணி கணீரென்று இருந்தது. அதற்குப் பின்னால் குழந்தையின் குரலும் தெளிவாக இருந்தது. ஊசி விழுந்த சத்தத்தைக்கூட வெட்டுகிற மனுசர். அதனால் நானே அந்த இடத்துக்கு நகர்த்தி, "பாப்பா குரலை எடுத்துரட்டுங்களா?" என்று கேட்டேன்.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "வெட்டறதும் பேசாதேன்னு சொல்றதும் ஒண்ணுதான், சண்முகம். வுட்டுரு."

விட்டுவிட்டேன். இன்றைக்கும் மோகனூர்ப் பக்கம் அந்தக் கோயில் நோம்பியில் அந்தப் பாட்டு போடுவார்கள். கடைசியில் அந்தக் குரல் வரும் இடத்தில் கூட்டம் மொத்தமும் கும்பிடும்.

அன்றைக்கு மெசினை நிறுத்தப் போன என்னை அண்ணன் கை நீட்டித் தடுத்தார். பாட்டை ஆரம்பத்துக்கு நகர்த்தி ஓட விட்டார். என் குரல் வந்தது.

"இதை மட்டும் வெட்டீரு" என்றார்.

வெட்டினேன். மனசுக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டு.